பார்க்கன் அரங்கில் திரும்பி நின்ற முதுகுகள்: எரிக்சன் விழுந்த மாலையைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனின் பார்க்கன் அரங்கில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஐரோப்பியக் கோப்பை. பின்லாந்து ஆண்கள் அணிக்கு ஒரு பெரிய கோப்பையில் அதுவே முதல் ஆட்டம். இடைவேளைக்குச் சில நிமிடங்களே இருந்தன. டென்மார்க்கின் 10ஆம் எண் சட்டைக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன், பக்கக்கோட்டிலிருந்து தன்னை நோக்கி எறியப்பட்ட பந்தை வாங்க ஓடி வந்தார். எதிரணியினர் யாரும் அவரை இடிக்கவில்லை. கால் தடுமாறியது, கையை ஊன்றித் தாங்கக்கூட முடியாமல் முகம் குப்புற விழுந்தார். பந்து அவர் காலில் பட்டு விலகி உருண்டது. இந்திய நேரப்படி இரவு பத்தேகால் மணி. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும், இது சாதாரண அடி இல்லை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

அப்போது அவருக்கு வயது 29. இதயம் நின்றுவிட்டது. அரங்கிலேயே நெஞ்சை அழுத்தி, ஒரே ஒரு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அந்த மருத்துவக் கதை நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கால்மணி நேரத்திலும் அதற்குப் பின் வந்த மாதங்களிலும் மருத்துவம் தெரியாத மனிதர்கள் செய்த காரியங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். ஒவ்வொன்றும் சிறிய காரியம். பலவற்றுக்குப் படிப்போ பணமோ வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாம் சரியான நேரத்தில் நடந்தன. எப்படி நடந்தன என்பதுதான் என் கேள்வி.

முதல் நிமிடங்கள்

நடுவர் ஆன்டனி டெய்லர் சில நொடிகளில் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவைக் கைகாட்டி அழைத்தார். கால்பந்தில் விழுந்தவர் நடிக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஊதுகிற நடுவர்கள் உண்டு. டெய்லர் காத்திருக்கவில்லை. அன்று கிடைத்த முதல் உதவி அதுதான் என்பேன்.

டென்மார்க் அணித்தலைவர் சிமோன் கியார் தற்காப்பு வரிசையிலிருந்து ஓடி வந்தார். அவரே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார் என்று மறுநாள் உலகமெங்கும் செய்தி பரவியது. அது முழுச் சரியல்ல. கியார் மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொண்டு, எரிக்சனைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். அணி மருத்துவர் மார்ட்டன் போசன் வந்து சேர்ந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் நாடியும் இருந்தன. சற்று நேரத்தில் நிலைமை மாறியது என்று போசன் பின்னர் சொன்னார். அதன் பிறகே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். அதைச் செய்தது மருத்துவக் குழு. இதை விளக்கிச் சொல்வதால் கியாருடைய பெருமை குறையாது. சொல்லாமல் விட்டால், உதவிக்கு ஒரு மாவீரன் வேண்டும் என்ற நினைப்பு நமக்கு வந்துவிடும். கியார் செய்தது ஓர் அரைநாள் முதலுதவி வகுப்பில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியது. அவரிடம் அது கையோடு இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. அதில் பெரும்பாலும் நோயாளிக்கு நினைவு இருக்கும், வலியைச் சொல்ல முடியும். எரிக்சனுக்கு நேர்ந்தது வேறு. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். மூளைக்கு இரத்தம் போகாது. ஆள் உடனே சரிந்துவிடுவார். அந்த நடுக்கத்தை நிறுத்தி இதயத்தை மீண்டும் சீராகத் துடிக்க விடுவதற்கே மின்னதிர்ச்சிக் கருவி. எதுவும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காட்டைத் தின்றுவிடும். கருவி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அரங்கில் பணியில் இருந்த ஜெர்மன் மருத்துவர் யென்ஸ் கிளைனெஃபெல்ட் பிறகு ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார்: கண் திறந்ததும், எங்களோடு திரும்பி வந்துவிட்டீர்களா என்று அவர் கேட்க, வந்துவிட்டேன் என்று எரிக்சன் பதில் சொல்லியிருக்கிறார், எனக்கு 29 வயதுதானே ஆகிறது என்றும் கூடவே முணுமுணுத்திருக்கிறார்.

முதுகும் கொடியும்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் பாதித்த பகுதி இதுதான். எரிக்சனைச் சுற்றி டென்மார்க் ஆட்டக்காரர்கள் வளையமாக நின்றார்கள். பலர் அவர் பக்கம் முதுகைக் காட்டி, கூட்டத்தையும் கேமராவையும் பார்த்தபடி நின்றார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள், ஒருவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறதோ என்று திரும்பிப் பார்க்கத் துடிக்கும் மனசு. உள்ளே கிடப்பவர் கூடப் பிறக்காத தம்பி மாதிரி. இருந்தும் அவர்கள் இடத்தை விட்டு நகரவில்லை. நெஞ்சு திறந்த நிலையில், உடம்பு தூக்கித் தூக்கிப் போட, ஒரு மனிதன் உலகத்தின் முன் காட்சிப்பொருளாகக் கிடக்காமல் மறைப்பது மட்டுமே அவர்களால் செய்ய முடிந்தது. அதைச் செய்தார்கள்.

எரிக்சனின் துணைவி பார்வையாளர் பகுதியிலிருந்து ஆடுகளத்துக்கே இறங்கி ஓடி வந்தார். கியாரும் கோல்காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கலும் அவரை எதிர்கொண்டு, தோளைப் பிடித்து நிறுத்திப் பேசினார்கள். சக ஆட்டக்காரன் பிழைப்பானா என்று தங்களுக்கே தெரியாத நேரத்தில் அவன் வீட்டாருக்குத் தைரியம் சொல்வது லேசான வேலை இல்லை.

பிறகு கொடிகள் வந்தன. பின்லாந்து ரசிகர்கள் தங்கள் கையிலிருந்த கொடிகளை ஆடுகளத்தை நோக்கிக் கொடுத்தார்கள். தன் நாடு முதன்முதலாகப் பெரிய கோப்பையில் ஆடுவதைப் பார்க்க, அந்தக் கொடியை அவ்வளவு தூரம் சுமந்து வந்தவர்கள். எதிரணி ஆள் ஒருவரை மறைக்க அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். எரிக்சனை ஸ்ட்ரெச்சரில் வெளியே எடுத்துச் சென்றபோது, வெள்ளைத் துணிகளோடு பின்லாந்தின் நீலச் சிலுவைக் கொடியும் அவருக்குத் திரையாக நடந்தது. சுற்றி நின்ற ஆட்டக்காரர்களும் வளையத்தைக் கலைக்காமல் கூடவே நடந்தார்கள்.

அதன்பின் அரங்கில் காத்திருப்பு. என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. பின்லாந்து ரசிகர்கள் 'கிறிஸ்டியன்' என்று முழங்கினார்கள். மறுபக்கத்திலிருந்து டென்மார்க் ரசிகர்கள் 'எரிக்சன்' என்று பதில் கொடுத்தார்கள். முதற்பெயர் அங்கிருந்து, குடும்பப்பெயர் இங்கிருந்து, திரும்பத் திரும்ப. யாரும் ஏற்பாடு செய்யாத முழக்கம் அது. அவர் நினைவோடு இருக்கிறார், ரிக்ஸ் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று என்ற அறிவிப்பு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கனிவு தவறிய இடங்கள்

அன்று நடந்தது எல்லாமே நல்லது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆட்டக்காரர்கள் முதுகால் மறைத்துக்கொண்டிருந்த அதே நிமிடங்களில் தொலைக்காட்சிக் கேமரா இடுக்கு தேடியது. நெஞ்சை அழுத்துவதும், அழுதுகொண்டு நின்ற துணைவியின் முகமும் உலகம் முழுக்க ஒளிபரப்பானது. போட்டி ஏற்பாட்டாளர்கள் தந்த காட்சியைத்தான் எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. பிபிசி அன்றே நேயர்களிடம் வருத்தம் தெரிவித்தது. எனக்கு இது வெளிநாட்டுச் சங்கதியாகப் படவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் விபத்து நடந்த இடத்தில் எத்தனை கைபேசிகள் உயர்கின்றன என்று பார்த்தவர்களுக்கு, அந்த வளையத்தின் அருமை சட்டென்று புரியும்.

இரண்டாவது தவறு நிர்வாகத்துடையது. ஆட்டத்தை அன்றிரவே முடிப்பதா, மறுநாள் மதியம் ஆடுவதா என்று ஆட்டக்காரர்களையே முடிவெடுக்க விட்டார்கள். எரிக்சன் பிழைத்துவிட்டார் என்று உறுதியானதும் அவர்கள் அன்றிரவே ஆடச் சம்மதித்தார்கள். அன்றிரவு உறங்கி எழுந்து மறுபடி அதே களத்துக்கு வர யாருக்கும் தெம்பு இல்லை. உள்ளூர் நேரம் இரவு எட்டரைக்கு ஆட்டம் தொடர்ந்தது. டென்மார்க் அணி திரும்பி வந்தபோது பின்லாந்து ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கைதட்டி வரவேற்றார்கள். பின்லாந்து 1-0 என வென்றது. கோல் அடித்த யோயல் பொஹ்யன்பாலோ கொண்டாடவில்லை. தன் நாட்டின் வரலாற்றிலேயே பெரிய கோப்பையில் விழுந்த முதல் கோல் அது; கையை மட்டும் தாழ்த்திக் காட்டிவிட்டு நடந்தார்.

கியாரால் முழு ஆட்டத்தையும் ஆட முடியவில்லை. இரண்டாம் பாதியின் நடுவிலேயே வெளியேறினார். எரிக்சனும் அவரும் நெருங்கிய நண்பர்கள் என்றும், அந்த மனநிலையில் அவரால் தொடர முடியவில்லை என்றும் பயிற்சியாளர் காஸ்பர் யூல்மன் கலங்கிய கண்களோடு சொன்னார். ஆட்டக்காரர்களை அந்த நிலைக்குத் தள்ளியிருக்கவே கூடாது என்று யூல்மனும் ஷ்மைக்கலும் அடுத்த நாட்களில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன் நண்பனைப் பக்கவாட்டில் படுக்க வைத்த மனிதனுக்குத் தேவைப்பட்டது கால்பந்து இல்லை. உதவிக்கு ஓடியவனுக்கும் உள்ளுக்குள் அடி விழுந்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்வதும் உதவியின் பகுதிதான். டென்மார்க் கால்பந்துச் சங்கம் பிறகு அணிக்கு உளவியல் ஆலோசகர்களை அழைத்து வந்தது.

பழகிய கை

எல்லோரும் ஏன் அவ்வளவு சரியாக நடந்துகொண்டார்கள்? மனசு நல்லது என்பதோடு இந்தக் கேள்வியை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. டென்மார்க்கில் 2005 முதல் பள்ளிகளில் உயிர்மீட்பு முதலுதவி கட்டாயப் பாடம். 2006 முதல் ஓட்டுநர் உரிமம் வேண்டுமானால் முதலுதவி வகுப்பு முடித்திருக்க வேண்டும். அந்த நாட்டில் 2001இல், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். 2010இல் அது 45 விழுக்காட்டை எட்டியது. அதே பத்தாண்டில், விழுந்து 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக உயர்ந்தார்கள். பின்னாளில் கைபேசிச் செயலி ஒன்றும் வந்தது. பக்கத்துத் தெருவில் யாராவது விழுந்தால், பதிவு செய்துள்ள தன்னார்வலர்களுக்குத் தகவல் போகும். ஒருவர் நேரே ஓடிப்போய் நெஞ்சை அழுத்துவார், இன்னொருவர் அருகிலுள்ள மின்னதிர்ச்சிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இதற்கு எதிர்முகமும் கால்பந்திலேயே இருக்கிறது. எரிக்சன் இளவயதில் ஆடிய நெதர்லாந்தின் அயாக்ஸ் சங்கத்தின் இளம் ஆட்டக்காரர் அப்தெல்ஹக் நூரி, 2017 ஜூலையில் ஆஸ்திரியாவில் ஒரு நட்பு ஆட்டத்தில் இதே போல விழுந்தார். உயிர் தப்பினார், ஆனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. களத்தில் தரப்பட்ட சிகிச்சை போதுமானதாக இல்லை என்று அடுத்த ஆண்டு அயாக்ஸ் சங்கமே ஒப்புக்கொண்டு பொறுப்பேற்றது. அங்கே நின்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அக்கறை கைக்கு வந்து சேர வேண்டிய வேகத்தில் வரவில்லை.

நம் ஊரில் விழுந்தவரைத் தொடத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: போலீஸ், கேஸ், சாட்சி என்ற பயம். சாலை விபத்தில் உதவுபவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்ந்துவிட்டது. பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை; கட்டாயப்படுத்தவும் முடியாது. 108ஐ அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருக்கலாம். இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பது வேதனையாக இருக்கிறது.

அடுத்த சில நாட்கள்

ஜூன் 17 அன்று அதே அரங்கில் டென்மார்க்கும் பெல்ஜியமும் ஆடின. பத்தாம் நிமிடத்தில் பெல்ஜியம் பந்தை வெளியே தள்ளிவிட்டது. இரு அணிகளும் நடுவரும் அரங்கமும் நின்று ஒரு நிமிடம் கைதட்டினார்கள். எரிக்சன் அப்போது இன்னும் ரிக்ஸ் மருத்துவமனையில்தான் இருந்தார். அரங்கிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். பெல்ஜியத்தின் ரோமெலு லுகாகு, இத்தாலியின் இன்டர் மிலான் சங்கத்தில் எரிக்சனோடு ஆடியவர். விபத்து நடந்த அன்றிரவே ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்ததும் கேமராவிடம் ஓடி, 'கிறிஸ், உன்னை நேசிக்கிறேன்' என்று கத்தியிருந்தார். நாக் அவுட் சுற்றில் டென்மார்க்கை எதிர்கொண்ட வேல்ஸ் அணியின் தலைவர் கேரத் பேல், எரிக்சன் பெயர் பொறித்த 10ஆம் எண் வேல்ஸ் சட்டையை ஆட்டத்துக்கு முன் கியாரிடம் கொடுத்தார். பேலும் எரிக்சனும் வெவ்வேறு காலத்தில் லண்டனின் டாட்டன்ஹாம் சங்கத்துக்கு ஆடியவர்கள்.

எரிக்சனின் நெஞ்சுக்குள் ஐசிடி என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். இதயம் மறுபடி தாறுமாறானால் தானே கண்டுபிடித்து உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் கருவி. ஜூன் 18 அன்று மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர், வீட்டுக்குப் போகும் முன் ஹெல்சிங்கர் நகரில் தங்கியிருந்த அணியைப் போய்ப் பார்த்தார். அவருக்கு ஓய்வுதான் தேவைப்பட்டிருக்கும். ஆனால் ஆறு நாளாக அவர் கண் திறந்த முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டு ஆடியவர்களுக்கு அவரை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. உதவி பெற்றவர் உதவியவர்களுக்குத் திருப்பிச் செய்த முதல் காரியம் அது. உலகெங்கிலுமிருந்து முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய கடிதங்களும் பூக்களும் தன்னை வியக்க வைத்தன என்று மறு ஆண்டு ஜனவரியில் முதன்முறையாக விரிவாகப் பேசியபோது சொன்னார்.

அந்த ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் தலைவர் விருதைக் கியாருக்கும் மருத்துவக் குழுவுக்கும் சேர்த்துக் கொடுத்தது.

ஆடுகளம் கொடுத்தவர்கள்

உயிர் பிழைத்த ஆரவாரம் அடங்கிய பின்தான் நோயாளிக்குத் தனிமை தொடங்கும். பூங்கொத்துகள் நின்றுவிடும், இனி நான் யார் என்ற கேள்வி வரும். ஐசிடி பொருத்தியவர்கள் இத்தாலியின் உயர்மட்டக் கால்பந்தில் ஆட அனுமதி இல்லை. 2021 டிசம்பரில் இன்டர் மிலான் ஒப்பந்தம் இருதரப்புச் சம்மதத்தோடு முடிந்தது. இனி ஆடவே முடியாது என்று பலரும் நினைத்தார்கள்.

அந்த மாதங்களில் அவருக்குக் கதவு திறந்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. சிறுவயதில் ஆடிய ஒடென்ஸ் சங்கம் தன் மைதானத்தில் பயிற்சி செய்துகொள்ள விட்டது. சுவிட்சர்லாந்தின் மூன்றாம் நிலைச் சங்கமான கியாஸோவும் இடம் கொடுத்தது. பிறகு அயாக்ஸின் இளைஞர் அணி அவரைத் தங்களோடு ஓட விட்டது. ஒரு மைதானம், ஒரு பந்து, கூட ஓட நாலு பேர். இதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் உடம்பின் மீது நம்பிக்கை இழந்த ஒருவருக்கு, வழக்கமான வேலையை வழக்கமான ஆட்களோடு செய்ய விடுவதை விடப் பெரிய மருந்து இருக்கிறதா என்று தெரியவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அலுவலகம் திரும்பியவர்களையும் பக்கவாதத்துக்குப் பின் கடை திறந்தவர்களையும் கேட்டால், பரிதாபப் பார்வையில்லாமல் பழையபடி வேலை கொடுத்தவர்களைத்தான் முதலில் சொல்வார்கள்.

அயாக்ஸின் டேலி பிளின்ட் இதயக் கோளாறுக்காக ஏற்கெனவே ஐசிடி பொருத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். எரிக்சன் விழுந்த மறுநாள் நெதர்லாந்துக்காக ஆட வேண்டியிருந்தது. ஆடாமல் விலகிவிடலாமா என்றுகூட யோசித்ததாகச் சொன்னார், ஆட்டத்தின் நடுவில் மாற்றப்பட்டு வெளியேறும்போது அழுதார். ஆனாலும் ஆடினார். கருவியோடு ஆட முடியும் என்பதற்கு நேரடிச் சாட்சி அவர்.

2022 ஜனவரி 31 அன்று லண்டனின் ப்ரென்ட்ஃபோர்ட் அணி எரிக்சனை ஒப்பந்தம் செய்தது. பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க், டென்மார்க்கின் இளையோர் அணியில் அவரைச் சிறுவனாகப் பார்த்தவர். இதை வெறும் கருணை என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஆட்டக்காரர் ஒருவரும் அவர்களுக்குக் கிடைத்தார். ஆனால் அபாயம் என்று மற்றவர்கள் தயங்கிய இடத்தில் ஒருவர் முன்வந்தார். பிப்ரவரி 26 அன்று நியூகாசிலுக்கு எதிராக அவர் களமிறங்கியபோது இரு தரப்பு ரசிகர்களும் எழுந்து நின்றார்கள். ஒரு மாதம் கழித்து ஆம்ஸ்டர்டாமில் டென்மார்க்குக்காகத் திரும்பினார். களமிறங்கி இரண்டு நிமிடங்களுக்குள் கோல். அதற்கு மூன்று நாள் கழித்துப் பார்க்கன் அரங்கில் அணித்தலைவராக இறங்கினார். அன்றும் கோல் அடித்தார்.

நியூகாசில், 2021 அக்டோபர் 17

இந்த ஆய்வில் சேர்க்க வேண்டிய இன்னொரு மாலை இருக்கிறது. எரிக்சன் விழுந்து நான்கு மாதம் கழித்து, இங்கிலாந்தின் நியூகாசிலும் டாட்டன்ஹாமும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியும் நேரம். பார்வையாளர் வரிசையில் ஒரு ரசிகர் சரிந்தார். கூட்டம் கையசைத்துக் கத்தியது. டாட்டன்ஹாமின் செர்ஹியோ ரெகிலோன் முதலில் கவனித்து நடுவரிடம் ஓடிச் சொன்னார். அதே அணியின் எரிக் டையர் காத்திருக்கவில்லை. மருத்துவர்கள் இருந்த பக்கம் ஓடி, மின்னதிர்ச்சிக் கருவியை எடுத்துப் போகச் சொல்லி அவசரப்படுத்தினார். டையர் டாட்டன்ஹாமில் எரிக்சனோடு பல ஆண்டுகள் ஆடியவர். கூட்டத்தில் ரசிகராக வந்திருந்த ஒரு மருத்துவர் இருக்கைகளைத் தாண்டி ஓடிப்போய் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரு அணிகளையும் உள்ளே அனுப்பினார். ரசிகரின் உடல்நிலை சீரானது, மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அறிவித்த பிறகே மீதி நிமிடங்களை ஆடினார்கள். டாட்டன்ஹாம் 3-2 என வென்றது. அந்த ரசிகர் பிழைத்துக்கொண்டார்.